சைரன்செஸ்டர் டாக்டரின் நோட்டுப் புத்தகம்

நம்ம ஊரில் இதற்கு அக்கி என்று பெயர். மராத்தியில் நாகீண், அதாவது பெண் நாகம். கன்னடத்தில் சர்ப்பசுத்து. இந்திக்காரர்கள் சிலர் ஜனேவூ என்கிறார்கள், பூணூல். ஆங்கிலத்தில் ஷிங்கிள்ஸ், இடைக்கச்சை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டாக்டர் சீட்டில் எழுதுவது ஹெர்ப்பிஸ் ஜோஸ்டர். கிரேக்கத்தில் ஹெர்ப்பிஸ் என்றால் ஊர்வது, ஜோஸ்டர் என்றால் கச்சை. பெயர்தான் ஊருக்கு ஊர் வேறே தவிர, எல்லோரும் பார்த்தது ஒரே காட்சியைத்தான். உடம்பின் ஒரு பக்கமாக, பட்டை போட்டது போல வளைந்து போகும் கொப்புளங்கள்.

புனேவுக்கு வந்த புதிதில் எதிர் வீட்டுக் காகூவுக்கு இது வந்தது. (காகூ என்றால் இங்கே சித்தி மாதிரி.) பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் பயத்தோடு சொன்னார்கள்: "நாகீணோட தலையும் வாலும் சேர்ந்துடக் கூடாது, சேர்ந்தா ஆள் பிழைக்கறது கஷ்டம்." எங்கள் ஊர்ப் பக்கம் குயவர் வீட்டுக்குப் போய், காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். அங்கே காவி, இங்கே பாம்பு. பயம் ஒன்றுதான்.

அந்தப் பாம்பின் தலையும் வாலும் ஏன் சாதாரணமாகச் சேருவதில்லை? இதற்குப் பதில் கண்டுபிடித்த கதைதான் இந்தப் பதிவு. அதில் பெரிய பங்கு ஒரு சின்ன ஊர் டாக்டருக்கு. நான் டாக்டர் இல்லை. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். அதனால்தானோ என்னவோ, நோயாளிக் குறிப்புகளை வைத்துக்கொண்டு ஒருவர் சாதித்த கதை என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஆசை.

இரண்டு நோயா, ஒன்றா?

ரொம்ப காலம் டாக்டர்கள் சின்னம்மையையும் அக்கியையும் தனித்தனி நோய் என்றுதான் நினைத்தார்கள். ஒன்று குழந்தைகளுக்கு வருவது, உடம்பு முழுக்கப் பரவுவது. மற்றது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது, ஒரு பக்கமாக மட்டும். பார்த்தால் சம்பந்தமே இல்லை.

முதலில் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் புடாபெஸ்ட் நகரத்துக் குழந்தை மருத்துவர் போகாய். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அக்கி வந்தால், கொஞ்ச நாளில் அதே வீட்டுக் குழந்தைக்குச் சின்னம்மை வருவதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் கவனித்தார். 1900இல் லண்டனில் ஹென்றி ஹெட்டும் கேம்பெல்லும், அக்கி வந்து இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தார்கள். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு முடிச்சில்தான் சேதம் இருக்கிறது, தோலில் தெரிவது அதன் விளைவு என்று காட்டினார்கள்.

பாம்பு ரகசியம் பாதி இங்கேயே உடைந்துவிட்டது. ஒவ்வொரு நரம்பு முடிச்சும் உடம்பின் ஒரு பக்கத்தில், ஒரு பட்டை அகலத் தோலுக்குத்தான் பொறுப்பு. நோய் எந்த முடிச்சில் கிளம்புகிறதோ அந்தப் பட்டையில் மட்டும் கொப்புளம் வரும். மார்பின் நடுக்கோட்டோடு நின்றுவிடும். தலையும் வாலும் சேராததற்குக் காரணம் மந்திரம் இல்லை, நரம்பின் எல்லைக்கோடு! (நோய் எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்கு இந்த எல்லை மீறும். பழைய பயத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது.)

1925இல் வியன்னாவில் குண்ட்ராட்டிஸ் என்பவர் அக்கிக் கொப்புள நீரைக் குழந்தைகளுக்கு ஏற்றிப் பார்த்தார். சின்னம்மை வந்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. ஆனால் கிருமி ஒன்றுதான் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்த கேள்வி இதுதான்: பெரியவருக்கு அந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? பக்கத்தில் இருக்கும் சின்னம்மைக் குழந்தையிடமிருந்தா, அல்லது உள்ளேயிருந்தா?

டாக்டர் ஹோப்-சிம்சன்

எட்கர் ஹோப்-சிம்சன் (1908–2003) இங்கிலாந்தில் ஒரு பொதுமருத்துவர். 1930களில் டார்செட் பகுதியில் ஒரு சின்ன ஊரில் வேலை. பிறகு 1945இல் க்ளஸ்டர்ஷயரில் இருக்கும் சைரன்செஸ்டருக்கு வந்தார். ரோமானியர் காலத்துப் பழைய ஊர். பெரிய பல்கலைக்கழகம் இல்லை, பெரிய மருத்துவமனை இல்லை. காலையில் நோயாளிகளைப் பார்ப்பது, பிற்பகலில் வீடு வீடாகப் போவது, நம்ம ஊர் பேமிலி டாக்டர் மாதிரி.

அவரிடம் இருந்தது இரண்டு விஷயம். ஒன்று, வந்த ஒவ்வொருவரையும் எழுதி வைக்கும் பழக்கம். இன்னொன்று ரொம்ப முக்கியம்: தன் பொறுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்ற கணக்கு. ஏறக்குறைய 3,500 பேர். 1948இல் அங்கே தேசிய சுகாதாரச் சேவை வந்தபோது, ஒவ்வொரு குடும்பமும் ஒரு டாக்டரிடம் பெயர் பதிவு செய்துகொள்ளும் முறை நாடு முழுவதற்கும் வந்தது.

1947 முதல் 1962 வரை 16 ஆண்டுகள். வந்த அக்கி நோயாளிகள் 192 பேர். யோசித்துப் பாருங்கள், மாதத்துக்கு ஒருவர்தான். நம்மில் எத்தனை பேர் மாதம் ஒரு வரி எழுதுவதற்காக ஒரு நோட்டை 16 வருஷம் தொலைக்காமல் வைத்திருப்போம்?

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள 1953இல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தில் இருக்கும் யெல் தீவுக்குப் போனார். ஏன் தீவு? சைரன்செஸ்டரில் சின்னம்மை எப்போதும் எங்கேயாவது இருந்துகொண்டே இருக்கும். அக்கி வந்தவர் அதைத் தொட்டாரா இல்லையா என்று சொல்ல முடியாது. தனித்த தீவில் சின்னம்மை எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். யார் வந்தார்கள், யார் போனார்கள், எந்த வருஷம் எந்த வீட்டில் அம்மை எல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அக்கி வருவதற்குச் சின்னம்மை நோயாளி யாரும் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை என்ற முடிவோடு திரும்பினார். 1954இல் லான்செட் இதழில் எழுதினார்.

பெரிய கட்டுரை 1965 ஜனவரியில், ராயல் மருத்துவக் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில் வந்தது. மொத்தம் 12 பக்கம். அதில் இருப்பது கூட்டல், வகுத்தல், கொஞ்சம் அட்டவணை, நிறைய யோசனை.

கணக்கு இப்படிப் போகிறது. ஆயிரம் பேரில் ஆண்டுக்கு 3.4 பேருக்கு அக்கி. பத்து வயதுக்குள் ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. எண்பதுகளில் இருப்பவர்களுக்கு ஆயிரத்துக்குப் பத்து. சின்னம்மைக்குச் சீசன் உண்டு, அக்கிக்கு இல்லை. ஊரில் சின்னம்மை அலை வரும்போது அக்கி கூடவில்லை, போனபோது குறையவும் இல்லை. ஆயிரம் பேர் 85 வயது வரை வாழ்ந்தால் பாதிப் பேருக்கு ஒரு முறையாவது அக்கி வந்திருக்கும் என்றும் கணக்குப் போட்டார்.

வெளியிலிருந்து ஒட்டுகிற நோய் இப்படி நடந்துகொள்ளாது. ஆக, சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி போகவே இல்லை. நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. உடம்பின் காவல் அதை அடக்கி வைத்திருக்கிறது. வயதாக ஆகக் காவல் தளரும்போது, படுத்திருந்தது எழுந்து, அதே நரம்பின் வழியாகத் தோலுக்கு வருகிறது. 1943இல் பாஸ்டன் மருத்துவர் கார்லண்ட் இதை ஓர் ஊகமாகச் சொல்லியிருந்தார். அதற்கு எண்களால் கால் கொடுத்தவர் ஹோப்-சிம்சன்.

ஆய்வகங்கள் பின்னால் வந்து சேர்ந்தன. 1983இல் இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 1984இல் ஸ்டீபன் ஸ்ட்ராஸ் குழு, ஒரே நோயாளிக்கு முதலில் வந்த சின்னம்மையின் வைரஸும் பிறகு வந்த அக்கியின் வைரஸும் ஒன்றே என்று மரபணுவை வெட்டி ஒப்பிட்டுக் காட்டியது. நோட்டுப் புத்தகம் சொன்னதை உறுதி செய்ய 19 வருஷம் ஆனது.

மாத்திரை வந்த கதை

காரணம் தெரிந்தாலும் மருந்து இல்லை. அந்தக் காலத்தில், வைரஸைக் கொல்லப் போனால் மனித செல்லும் சேர்ந்து செத்துவிடும் என்பதுதான் பொது நம்பிக்கை. அதை உடைத்தது அமெரிக்காவில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் கெர்ட்ரூட் எலியன் தலைமையில் இருந்த குழு. ஹோவர்ட் ஷேபர் உருவாக்கிய ஏசைக்ளோவிர் என்ற மூலக்கூறு எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்கள் 1977இல் வெளியிட்டார்கள்.

இது சும்மா இருக்கும் மருந்து. ஹெர்ப்பிஸ் வைரஸின் சொந்த நொதி ஒன்று அதைத் தொட்டால்தான் விழித்துக்கொள்ளும். நோயில்லாத செல்லில் அந்த நொதி கிடையாது, அதனால் மருந்து அங்கே கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. வைரஸ் தன் கையாலேயே தனக்கு விஷம் கலக்கிக்கொள்கிறது. 1982இல் அமெரிக்காவில் அனுமதி, 1988இல் எலியனுக்கு நோபல் பரிசு. அவர் முனைவர் பட்டம் வாங்கியவர் இல்லை என்பது உபரித் தகவல்.

இந்த மருந்தின் மதிப்பு அக்கியோடு நிற்கவில்லை. ஹெர்ப்பிஸ் வைரஸ் மூளையைத் தாக்கினால், மருந்து இல்லாத காலத்தில் 100 பேரில் 70 பேர் இறந்துபோனார்கள். 1986இல் வந்த அமெரிக்க ஆய்வில் முந்தைய மருந்தான விடராபின் கொடுத்தவர்களில் 54 சதவீதம் பேர் இறந்தார்கள். ஏசைக்ளோவிர் கொடுத்தவர்களில் 28 சதவீதம்.

ஒரு குறை உண்டு. படுத்திருக்கும் பாம்பை இது கொல்லாது. எழுந்து ஊர்வதைத்தான் தடுக்கும். அதனால் நேரம் முக்கியம். அக்கிக்குக் கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் என்பது இன்றைய பொது விதி. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். மூக்கு நுனியில் கொப்புளம் தெரிந்தால் கண்ணுக்கு ஆபத்து, உடனே கண் மருத்துவர். காதில் வந்து முகம் கோணினால் அது வேறு அவசரம். இளம் வயதில் அக்கி என்றால் எச்.ஐ.வி. சோதனையும் யோசிக்க வேண்டும். கர்ப்பிணிக்குப் பக்கத்தில் சின்னம்மை என்றால் இன்னொரு கணக்கு.

இதில் எல்லாமே தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு டாக்டர், அடுத்த நோயாளி வாசலில் நிற்கும்போது, சில நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள். அவருக்கு இது எங்கே எழுதிக் கிடக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

நூலகத்திலிருந்து திரைக்கு

1965இல் ஹோப்-சிம்சன் எழுதியதை நாசிக்கிலோ நாமக்கல்லிலோ இருந்த ஒரு டாக்டர் படிக்க நினைத்தால் என்ன செய்திருப்பார்? மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் போகணும். அங்கே 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற தடித்தடியான அட்டவணைப் புத்தகங்கள் இருக்கும். ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் 1879இல் ஆரம்பித்தது. அதில் தேடி, எந்த இதழ் என்று குறித்துக்கொண்டு, அந்த இதழை அந்த நூலகம் வாங்கியிருந்தால் அதிர்ஷ்டம்.

1971இல் இந்த அட்டவணை மெட்லைன் என்ற பெயரில் கணினி இணைப்புக்கு வந்தது. தேடக் காசு. தில்லியில் 1986இல் தேசியத் தகவலியல் மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து ஒரு மையம் தொடங்கி, இங்கிருக்கிறவர்களுக்கு அதைத் தேடிக் கொடுத்தன. 1997 ஜூன் மாதம் பெரிய திருப்பம். அமெரிக்கத் துணை ஜனாதிபதி அல் கோர் முன்னிலையில் பப்மெட் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. அதில் கிடைத்தது பெரும்பாலும் சுருக்கம் மட்டும்தான். 2000இல் பப்மெட் சென்ட்ரல் வந்தபிறகு முழுக் கட்டுரைகளும் வர ஆரம்பித்தன. 2004இல் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகமும் மற்றவர்களும் சேர்ந்து, பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அதில் ஏற்றத் தொடங்கினார்கள்.

இன்று ஹோப்-சிம்சனின் அந்த 12 பக்கமும் அங்கே இலவசம். நான் படித்தது அப்படித்தான், புனேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைசா செலவில்லாமல். ஒரு தனி டாக்டர் தன் நோயாளிகளிடம் கற்றது இன்னொரு தனி டாக்டருக்கு நேராகப் போய்ச் சேரும் வழி திறந்திருக்கிறது.

ஆனால் எல்லாக் கதவும் இப்படித் திறந்தில்லை. 2002இல் உலக சுகாதார நிறுவனமும் ஆறு பெரிய பதிப்பகங்களும் சேர்ந்து, ஏழை நாடுகளுக்கு மருத்துவ இதழ்களை இலவசமாகவோ மலிவாகவோ தரும் ஹினாரி திட்டத்தைத் தொடங்கினார்கள். தனிநபர் வருமானத்தைப் பார்த்தால் இந்தியாவும் உள்ளே வந்திருக்கணும். வெளியே விட்டார்கள். காரணம், இங்கே சந்தா விற்கிறது!

2025 ஜனவரியில் நம் அரசே 'ஒரே நாடு ஒரே சந்தா' கொண்டுவந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அது தொடங்கியது அரசுக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிலையங்களுக்கும்தான். தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கிறாரே, காகூவுக்கு அன்றைக்கே மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் மாதிரி ஒருவர், அவர் அந்தப் பட்டியலில் இல்லை. அக்கியை முதலில் பார்ப்பது யார் என்று நினைக்கிறீர்கள்?

இலவசமாகக் கிடைப்பதும் நிரந்தரம் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சிகிச்சை வழிகாட்டிகளை உலகம் முழுக்க டாக்டர்கள் பார்க்கிறார்கள். 2025 ஜனவரி கடைசியில் அரசாணை ஒன்றின் பேரில் அந்த மையத்தின் பல பக்கங்கள் திடீரென்று மறைந்தன. மருத்துவர்கள் வழக்குப் போட்டார்கள். பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னபிறகு பக்கங்கள் திரும்பி வந்தன. ஸ்விட்ச் யார் கையில் இருக்கிறது என்பது உலகத்துக்கே தெரிந்த இரண்டு வாரம் அது.

எழுதி வைத்தால் என்ன ஆகும்

கடைசியாக ஒன்று. வேல்ஸ் நாட்டில் 2013 செப்டம்பரில் முதியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்குக் கிடையாது, அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்கு உண்டு என்று ஒரு கோடு. ஒரு வார வித்தியாசத்தில் பிறந்த இரண்டு பேரில் ஒருவருக்கு ஊசி உண்டு, இன்னொருவருக்கு இல்லை. பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் இவர்களின் மருத்துவப் பதிவுகளைக் கணினியில் ஒப்பிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு ஏழு ஆண்டுகளில் மறதிநோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தது.

இந்த முடிவுக்கு மூலப்பொருள் என்ன? ஹோப்-சிம்சன் மாதிரி டாக்டர்கள் அன்றாடம் எழுதி வைத்த குறிப்புகள். இப்போது நோட்டுக்குப் பதில் கணினி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே என்ன நடக்கிறது? டாக்டர் சீட்டு எழுதுகிறார், நோயாளி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறார். அடுத்த தடவை வேறு டாக்டர், வேறு சீட்டு. டாக்டரிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. தன் பொறுப்பில் எத்தனை பேர் என்ற கணக்கே இல்லாதபோது ஆயிரத்துக்கு எத்தனை என்று எப்படிச் சொல்வது? வேலூர் சி.எம்.சி. கணியம்பாடி வட்டாரத்தில் வீடு வீடாகப் பதிவு வைத்து வேலை செய்வது போன்ற முயற்சிகள் இருக்கின்றன. விரல் விட்டு எண்ணலாம்.

புதிய அக்கித் தடுப்பூசி 2023இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. 50 வயதுக்கு மேல் இரண்டு டோஸ், ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய். யாருக்கு அவசியம், எந்த வயதில் ஆரம்பிக்கலாம், அரசு கொடுக்க வேண்டுமா என்று இனி பேச்சு வரும். அப்போது நம் கையில் இருக்கப்போவது பெரும்பாலும் சைரன்செஸ்டர் கணக்கும் வேல்ஸ் கணக்கும்தான். அவை நல்ல கணக்குகள். நம்முடையவை இல்லை.

பி.கு.: யாருக்காவது ஒரு பக்கமாக எரிச்சலும் கொப்புளமும் வந்தால் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். 72 மணி நேரம் என்பது மூன்றே நாள்தான். காவி எழுதிக்கொள்வதானால் மாத்திரை போட்டுக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். கொப்புளம் உடைந்த இடத்தில் மட்டும் வேண்டாம்.